மேல் வரிசை காய்கிறது, கீழ் வரிசை அழுகுகிறது!
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்றாவது மாடி பால்கனியின் மேற்குச் சுவரில் 10 அடி அகலம், 6 அடி உயரத்துக்குச் செங்குத்துத் தோட்டம் போட்டிருக்கிறோம். 12 வரிசை, 240 தொட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே சொட்டுநீர்க் குழாய்தான். ஆனாலும் மேல் வரிசையில் இலை நுனி கருகுகிறது, கீழ் வரிசையில் தண்டு அழுகுகிறது. ஏன்?
– வாசகி, சென்னை

பதில்: குழாய் ஒன்றுதான், ஆனால் தண்ணீர் சமமாகப் போவதில்லை. மோட்டார் நின்ற பிறகும் குழாய்க்குள் தங்கிய தண்ணீர் மெல்ல இறங்கிக் கடைசி வரிசையில்தான் வடியும். மேல் தொட்டிகளில் வழிவதும் அங்கேதான் வந்து சேரும். மேலேயோ வெயிலும் காற்றும் அதிகம். மோட்டார் நின்று பத்து நிமிடம் கழித்துக் கீழே பாருங்கள், சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் கிடைக்குழாய் கொடுங்கள். அழுத்தம் குறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் சொட்டுவான்கள் (தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் டிரிப்பர்) கிடைக்கின்றன, அவற்றையே போடுங்கள். மேல் மூன்று வரிசைக்குத் தனி வால்வு வையுங்கள். கோடையில் தொட்டிக்கு நாளைக்கு 150 மில்லி போதும். மொத்தம் 36 லிட்டர். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவானாக இருந்தால் காலையும் மாலையும் இரண்டே கால் நிமிடம் ஓடினால் சரி. மேல் மூன்று வரிசைக்கு மட்டும் மதியம் இன்னொரு முறை.

நுனி கருகுவதற்கு உப்பும் காரணமாகலாம். தென்னை நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும்: நார்க்கழிவு 2 பங்கு, மண்புழு உரம் 1, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) 1. போர்வெல் தண்ணீர் என்றால் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகரில் ஊறவையுங்கள்.

கேள்வி: படத்தில் பார்க்கும் பசுஞ்சுவர்கள் கொள்ளை அழகு. எங்களுடையது கீரைப்பாத்தியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கிறதே?
– வாசகர், கோவை

பதில்: வகைக்கு ஒன்றாகக் கலந்து நட்டிருப்பீர்கள், அல்லது கட்டம் கட்டமாக. ஸ்பெயினில் மாட்ரிட் நகரின் கைஷாஃபோரம் கலை மையத்தை ஒட்டி, பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாத்ரிக் பிளாங்க் அமைத்த சுவரைப் பாருங்கள். 24 மீட்டர் உயரம், சுமார் 250 வகையில் 15,000 செடிகள். ஆனாலும் கண் தடுமாறுவதில்லை. ஒரே செடி திட்டுத் திட்டாக, சாய்வாக ஓடி அடுத்த செடிக்குள் கரைகிறது. அங்கே மண்ணே கிடையாது; சட்டத்தில் பிவிசி பலகை, அதன் மேல் கம்பளித் துணி போன்ற இரண்டு அடுக்கு. வேர் அதில்தான் படர்கிறது.

நீங்களும் ஒரே செடியில் 15, 20 தொட்டிகளைச் சாய்வுப் பட்டையாக வையுங்கள். வெயில் படும் மேல்பக்கம் ரியோ, டேபிள் ரோஸ். நிழல் விழும் கீழ்ப்பக்கம் சின்கோனியம், மணி பிளாண்ட், பெரணி. அகல இலைக்குப் பக்கத்தில் பொடி இலை, கரும்பச்சைக்குப் பக்கத்தில் இளம்பச்சை. பூவை நம்பாதீர்கள்; பூ போய்விடும், வருஷம் முழுக்கச் சுவரைத் தாங்குவது இலைதான்.

கேள்வி: சுவர் ஓதம் பிடிக்காதா?
– வாசகி, திருச்சி

பதில்: சுவரிலேயே ஒட்டி வைத்தால் பிடிக்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் 2 அங்குல இடைவெளி விடுங்கள், பின்னால் நீர்த்தடுப்புப் பூச்சு, கீழே வடிநீர்த் தட்டு வையுங்கள். நனைந்த தொட்டி ஒரு கிலோ என்றாலும், முதல் கேள்வியில் பார்த்த 240 தொட்டிக்கு 240 கிலோ. ஹாலோ பிளாக் சுவரில் போல்ட்டை நம்பாமல், கான்கிரீட் தூணிலோ பீமிலோ சட்டத்தை இறுக்குங்கள்.