கற்பூரம், அம்பர், பவளம் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு, அடிமை வியாபாரம்னாலே அமெரிக்காவும் ஐரோப்பாவும்தான். கறுப்பு அடிமையா இருந்து விடுதலையான பிலால் (ரலி) பாங்கு சொன்ன மார்க்கத்துல நிறவெறிக்கு ஏது இடம்? நீங்க ஏன் கிழக்கு ஆப்பிரிக்காவுல அரபு சுல்தான்கள் ஆண்ட ஜான்சிபார் தீவை இழுத்து எழுதுறீங்க? இந்த வரலாற்றை எங்கேருந்து வாசிக்க ஆரம்பிக்கலாம்?
– ஒரு கல்லூரி மாணவன்

தம்பிக்கு,

ஜான்சிபாரை நான் இழுக்கலப்பா, அது அங்கயேதான் இருக்கு. 1873ல அங்க ஆண்ட சுல்தான் பர்காஷ் பிரிட்டிஷ்காரன் நெருக்கடி தாங்காம அடிமைச் சந்தைய மூடினாரு, சந்தை இருந்த இடத்துல இன்னைக்கு சர்ச் நிக்குது. சவூதில அடிமைமுறைய ஒழிச்சது 1962ல, ஓமன்ல 1970ல, அப்ப நான் ஒண்ணாங்கிளாஸ். மவுரித்தானியா 1981. அமெரிக்காக்காரன் பண்ணலையான்னா, பண்ணினான், விடு.

பிலாலைக் கேடயமாப் பிடிக்கிறதுதான் எனக்கு ஆத்திரம். ஒருத்தரை அவரு தாயை வச்சு இழிவாப் பேசினதுக்கு நபித்தோழர் அபூதர் (ரலி) அவங்களையே உன்கிட்ட இன்னும் ஜாஹிலிய்யா, அதாவது இஸ்லாத்துக்கு முந்தின அறியாமை, இருக்குன்னு நபி (ஸல்) கண்டிச்சாங்க, இதுவும் நீ வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல கேட்டதுதானே, அது மட்டும் எப்படிப்பா மறந்துச்சு?

எங்கேருந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டியே, பேருங்கள்லேருந்து ஆரம்பி. நான் கொஞ்ச நாளா பேருங்களப் பத்தியே யோசிச்சிட்டிருக்கேன். காஃபூர், அன்பர், யாகூத், மர்ஜான். கற்பூரம், அம்பர்ங்கிற வாசனைப் பொருள், மாணிக்கம், பவளம். எவ்வளவு அழகு இல்ல? எல்லாம் அடிமைங்களுக்கு வச்ச பேரு. பெட்டிக்குள்ள பூட்டி வைக்கிற சாமான் பேரு, பெத்தவங்க வச்சதில்ல. அப்படி அடிமையா இருந்த ஒரு காஃபூர் எகிப்தையே ஆண்டாரு, 968ல மவுத்தானாரு, அவரைப் புகழ்ந்து பாடின அரபுக் கவிஞன் முதனப்பி கேட்ட பதவி கிடைக்கலன்னதும் அவரு கறுப்பையும் அடிமைப் பிறப்பையும் வச்சே வசை பாடினான், அந்த வசைதான் இன்னைக்கும் பேர்போன கவிதை. நம்ம பக்கம் அகமத்நகர்ல முகலாயரை ஓட ஓட விரட்டின ஹபஷி, அதாவது எத்தியோப்பியாக்காரர், மாலிக் அம்பர், 1626 வரைக்கும் இருந்தாரு, அவரும் அம்பர்தான். எத்தியோப்பியால அவங்க உம்மா வச்ச பேரச் சொல்லி யாரு அவரைக் கூப்பிட்டா?

நான் சபுராளியா, பொழைக்கப் போனவனா, வளைகுடால ஒரு கடைல கணக்கு எழுதினப்ப ஒரு கறுத்த கிழவர் தினம் டீ குடிக்க வருவாரு. அவருக்கும் பவளம்னு அர்த்தம் வர்ற பேருதான். அவரு தலை மறைஞ்சதும் முதலாளி 'அப்து'ம்பான். அப்துன்னா அடிமை. என் பேருலயும் அந்த அப்து இருக்கு, பின்னாடி அல்லாஹ்வோட பேரும் வரும். கிழவருக்கு வெறும் அப்து.

ஒருநாள் கிழவர் என் பேரக் கேட்டாரு, சொன்னேன். முதல் பாதிய மட்டும் திரும்பச் சொல்லிப் பார்த்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சாரு, அன்னைக்கு என் டீக்கும் அவருதான் காசு குடுத்தாரு.