வெள்ளைச் சுவரும் அம்மச்சியின் லேசும்

வீட்டை அழகாக்குவது பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, டீச்சர். புது கான்கிரீட் வீடு. எல்லாச் சுவரும் வெள்ளை. ஆஸ்பத்திரிக்குள் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஹாலில் ஒரு சுவருக்கு அடர் நீலம் அடிக்கலாமா? என் அம்மச்சி பின்னிய லேஸ் விரிப்பும், அவர் ஊறுகாய் போட்ட பரணி ஜாடியும் என்னிடம் இருக்கின்றன. "புது வீட்டுக்குப் பழசு எதுக்கு" என்கிறார் மாமி. என்ன செய்வது?
— வாசகி, மார்த்தாண்டம்

இப்போதைக்குப் பெயின்ட் கடைக்குப் போகாதே மக்களே. அந்த வெள்ளை உனக்கு உதவத்தான் போகிறது. ஒருநாள் தோவாளைக்குப் போய் மாணிக்கமாலை கட்டுகிறவர்கள் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, அவ்வளவுதான் பொருள். பூவை மடித்து மடித்து, பாய் முடைகிற மாதிரி தட்டையாகக் கட்டிக்கொண்டே போவார்கள். சுற்றிலும் வெள்ளை நிற்பதால்தான் அந்தச் சிவப்பு கல் பதித்ததுபோல் தெரிகிறது. உன் ஹாலுக்கும் அந்த அளவு போதும்: ஒரு சிவப்பு மெத்தை உறை, ஜன்னலோரம் ஒரு பச்சைச் செடி.

இன்னும் நிறம் வேண்டும் என்றால் சுவரை விட்டுவிட்டு வெளிச்சத்தில் கொண்டுவா. பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலைக்குள் நின்றிருக்கிறாயா? ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண மைக்கா வைத்திருப்பார்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே இதமான ஒரு நிறம்தான் இறங்கும். உன் வீட்டில் ஜன்னலுக்கு மேலே கண்ணாடி போட்ட வென்டிலேட்டர் இருந்தால், தச்சரைக் கூப்பிட்டு இரண்டு கட்டத்தில் மட்டும் மஞ்சளும் பச்சையுமாக வண்ணக் கண்ணாடி மாற்றச் சொல். கிழக்குப் பக்கமாக இருந்தால் காலை வெயிலில் அந்த நிறம் தரையில் விழுந்து மெதுவாக நகரும். எங்கள் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் காப்பி குடிக்கிறேன்.

இனி லேசுக்கு வருகிறேன். அதை வெறும் விரிப்பு என்று நினைக்காதே. 200 வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அது. தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். அந்தக் கூலியில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். உன் அம்மச்சியின் கை அந்த வழியில் வந்த கை.

அதனால் தயவுசெய்து பசை போட்டு ஒட்ட விடாதே. என் அம்மா பின்னிய ஒரு முழ லேசை ஃபிரேம் போடக் கொடுத்தேன். கடையில் அட்டையில் பசை தடவி ஒட்டி, மேலே கண்ணாடியை அழுத்திக் கொடுத்துவிட்டார்கள். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டு தடவை வந்து போவதற்குள் பசை இருந்த இடமெல்லாம் தேயிலைக் கறை மாதிரி பழுத்துவிட்டது. பிரித்து எடுக்கப் பார்த்தேன். நடுவில் இருந்த இலை வடிவம் அட்டையோடு கிழிந்து வந்தது. அந்த இலை இன்னும் என் தையல் பெட்டியில் இருக்கிறது.

நீ இப்படிச் செய். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் விட்டு ஊற வை. பிழியாதே, துண்டுக்குள் வைத்து அமுக்கி, நிழலில் விரித்துக் காயவிடு. கஞ்சி வேண்டாம், பூச்சி வரும். ஒரு முறை துவைத்துச் சாயம் போகாது என்று உறுதியான கரும்பச்சைப் பருத்தித் துணியில், பருத்தி நூலால் அங்கங்கே தைத்துவிடு. இரும்பு ஊசி எதுவும் உள்ளே நிற்கக் கூடாது, துரு ஏறும். கண்ணாடிக்கும் லேசுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விடச் சொல். குளியலறைச் சுவரிலும் வெயில் படும் சுவரிலும் மாட்டாதே. நீலம் அடிக்க நினைத்தாயே, அந்தச் சுவருக்கு இது ஒன்றே போதும்.

பரணியைக் காட்சிக்கு வைக்காமல் மாமி கையில் கொடு. உள்ளே விரிசலோ பூச்சு உதிர்ந்த இடமோ இல்லை என்றால், மாங்காய்க் காலத்தில் அதில் உப்பு மாங்காய் போட்டுத் தரச் சொல். அப்புறம், அவர் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த உருளியோ நிலவிளக்கோ பரண்மேல் கிடக்கிறதா என்று கேட்டுப் பார். இருந்தால் அதைத் துலக்கி ஹாலில் முதல் இடத்தில் வை. உன் அம்மச்சியின் லேஸ் அதற்குப் பக்கத்தில் வரட்டும்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி ஒட்ட ஆசை. பவளப்பாறைத் துண்டும் ஒன்று வாங்கலாமா?
— வாசகி, குளச்சல்

பவளம் வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 அதைக் காக்கிறது. சில சங்கு, சிப்பி இனங்களுக்கும் அது பொருந்தும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாரண வெற்றுச் சிப்பி போதும். உள்ளே உயிர் இருந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். எடுத்ததை இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். உப்பு தங்கினால் ஈரம் கோத்துக்கொண்டே இருக்கும். ஒரே அளவாகப் பொறுக்க வேண்டாம். பெரிதும் சிறிதும் கலந்து வந்தால்தான் அது உங்கள் கை ஒட்டியது என்று தெரியும்.

வாடகை வீடு. ஆணி அடிக்க விடமாட்டார்கள். இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?
— வாசகர், நாகர்கோவில்

தரையும் ஜன்னலும் உங்களுடையவைதானே. அம்மாவின் பழைய கைத்தறிப் புடவை இருந்தால், கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு நல்ல பகுதியில் திரைச்சீலை தையுங்கள்; முந்தானை கீழே வரட்டும். செருப்புக்குப் பக்கத்தில் குடைகளை நிறுத்த ஒரு பனையோலைக் கடவப் பெட்டி போதும். மழைக்காலத்தில் ஓலை பூசணம் பிடிக்கும், வெயில் கண்டதும் வெளியே வைத்து எடுங்கள். வீடு மாறும்போது புடவையும் கடவமும் உங்களோடு வந்துவிடும்.