படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம்: கைத்தறிச் சாரியைப் போனில் படம் எடுப்பது எப்படி?

கேள்வி: மருதமுனையில் எங்கள் வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறோம். சாரிகளை நான்தான் போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போட்டு விற்கிறேன். மயில்கழுத்துச் சாரி படத்தில் வெறும் நீலமாக வருகிறது. அரக்கு ஒரு படத்தில் சிவப்பாகவும் இன்னொன்றில் கறுப்பாகவும் தெரிகிறது. "படத்தில் பார்த்த நிறம் இது இல்லை" என்று கொழும்பிலிருந்து ஒருவர் சாரியைத் திருப்பியே அனுப்பிவிட்டார். என்னிடம் இருப்பது நடுத்தர விலைச் சாம்சங். கமரா செட்டிங்கில் எதை மாற்ற வேண்டும்? புதுப் போன் வாங்கினால்தான் சரிவருமா?

பதில்: புதுப் போன் வேண்டாம், சகோதரி. உங்கள் கையில் இருக்கும் போனே இந்த வேலைக்குப் போதும். பல நாள் உழைத்து நெய்த சாரி நிறத்துக்காகத் திரும்பி வருவது எவ்வளவு வேதனை என்பது புரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கோளாறு எங்கே என்று பார்ப்போம். வெயில், மேக வெளிச்சம், டியூப் லைட், மஞ்சள் பல்ப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறச்சாயல் உண்டு. நம் கண் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். போன் அப்படியில்லை. படத்துக்குள் இருக்கும் நிறங்களையெல்லாம் பார்த்து, "இந்த இடத்து வெளிச்சம் இன்ன நிறமாக இருக்கும்" என்று ஊகித்து, அதற்கு எதிர் நிறத்தைக் கலந்து வெள்ளையை வெள்ளையாக்கப் பார்க்கும். இதைத்தான் வைட் பலன்ஸ் என்கிறார்கள். பல நிறம் கலந்த காட்சியில் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் நீங்கள் திரை முழுக்க ஒரே மயில்கழுத்துத் துணியை விரித்துக் காட்டுகிறீர்கள். சாரியின் நிறத்தையே போன் வெளிச்சத்தின் நிறம் என்று எடுத்துக்கொண்டு, அதைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. அடுத்த படத்தில் முந்தானை கொஞ்சம் கூடுதலாக வந்தால் ஊகம் மாறும், நிறமும் மாறும். ஒரே சாரிக்கு மூன்று படத்தில் மூன்று நிறம் வருவது இதனால்தான்.

ஆக, நிறத்தை ஊகிக்கும் வேலையைப் போனிடமிருந்து எடுத்துவிட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வெளிச்சத்தை ஒழுங்குபடுத்தாவிட்டால் எந்த செட்டிங்கும் உதவாது. யன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், தலைக்கு மேல் டியூப் லைட் மறுபக்கம், பச்சைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் இன்னொரு பக்கம் என்று இருந்தால், ஒரே சாரியில் இடப்பக்கம் ஒரு நிறமும் வலப்பக்கம் ஒரு நிறமும் விழும். அதை எந்தப் போனாலும் நேராக்க முடியாது. படம் எடுக்கும்போது அறையில் எல்லா லைட்டையும் அணையுங்கள். யன்னல் வெளிச்சம் மட்டும் போதும். பக்கத்துச் சுவர் கடும் நிறமாக இருந்தால் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிடுங்கள். நீலத் தறப்பாளின் கீழ் எடுக்கவே வேண்டாம். அதற்குள் எல்லாச் சாரியும் நீலம்தான்.

எந்த யன்னல்? நம் கிழக்குக் கரையில் சூரியன் கடல் பக்கம் எழுந்து வயல் பக்கம் இறங்குகிறது. ஆகவே கடல் பக்க யன்னலில் காலையில் நேர் வெயில் விழும், பின்னேரம் விழாது. காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை மேற்கு யன்னலிலும், பின்னேரம் இரண்டரைக்குப் பிறகு கிழக்கு யன்னலிலும் எடுங்கள். நேர் வெயில் படாத, ஆனால் வானம் தெரிகிற யன்னல் வெளிச்சம் மென்மையாக, ஒரே சீராக இருக்கும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் "வடக்கு யன்னல்தான் சிறந்தது, அதில் வெயிலே வராது" என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. நாம் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டெம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கும். எனவே இங்கே யன்னலின் திசையோடு மாதத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடற்கரை மணலில் விரித்து எடுப்பது அழகாகத் தெரியும். பேஸ்புக் அட்டைப் படத்துக்கு அப்படி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விலை போட்டு விற்கும் படத்துக்கு அது வேண்டாம். நேர் வெயிலில் மடிப்பின் மேடு வெளுத்துப்போகும், பள்ளம் கறுத்துவிடும். அதைவிட வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து மூடிய வானம் எவ்வளவோ மேல். மழை விட்ட நேரமாகப் பார்த்து விறாந்தையில் வைத்து எடுங்கள். மேகம் முழுவதும் ஒரே பெரிய விளக்காக மாறி நிழலே இல்லாமல் வெளிச்சம் தரும்.

இனி செட்டிங்குக்கு வருவோம். கமராவைத் திறந்து 'மேலும்' என்பதற்குள் போனால் 'புரோ' என்று ஒரு மோட் இருக்கும். அதில் டபிள்யூபி (WB), அதாவது வைட் பலன்ஸ், என்ற இரண்டு எழுத்துகள்தான் உங்களுக்குத் தேவையானவை. அதைத் தொட்டால் ஓட்டோ நிலை விலகி, வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் ஓர் எண் வரும். மஞ்சள் பல்ப் வெளிச்சம் 2700 முதல் 3000 கெல்வின் வரை, நடுப்பகல் வெயில் 5500 அளவில், மூடிய வானம் 6500 அளவில், நீல வானத்தின் நிழல் 7000க்கும் மேலே. எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் என்று பொருள். இந்த எண் "இங்கே வெளிச்சம் இப்படி" என்று நீங்கள் போனுக்குச் சொல்லும் தகவல். வெளிச்சம் நீலம் என்று சொன்னால் போன் மஞ்சளைக் கூட்டும். ஆகவே எண்ணை உயர்த்தினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும்.

சரி, சரியான எண் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாரி கிடக்கும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், நிறச்சாயல் இல்லாத ஒரு வெள்ளைப் பொருளை வையுங்கள். ஏ4 தாளும் புது வெள்ளைத் துணியும் கைக்கு எளிதில் கிடைப்பவைதான், ஆனால் இரண்டிலும் வெண்மைக்காகச் சேர்க்கும் இரசாயனம் பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் நீலம் காட்டும். தண்ணீர்க் குழாய் பூட்டும்போது மரையில் சுற்றுகிற வெள்ளை டெஃப்லோன் டேப் இருக்கிறதல்லவா, அதை வாங்கி ஒரு சிறு மட்டையில் பல அடுக்காக, மட்டை தெரியாதபடி சுற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பி அனுப்பும். மிகக் குறைந்த செலவில் இதைவிட நல்ல வெள்ளை கிடையாது. 5500இல் தொடங்கி, டேப் திரையில் நீலம் தட்டினால் எண்ணை உயர்த்துங்கள், மஞ்சள் தட்டினால் குறையுங்கள். வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அந்த வெளிச்சம் இருக்கும்வரை எல்லாச் சாரியையும் அதே எண்ணிலேயே எடுங்கள். வானம் மாறினால் டேப்பைத் திரும்ப வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு சாரிக்கும் ஒரு படமாவது மூலையில் அந்த மட்டையும் தெரியும்படி எடுத்து வையுங்கள். பிறகு நிறத்தில் சந்தேகம் வந்தால் ஸ்னாப்சீட் செயலியில் வைட் பலன்ஸ் பகுதிக்குப் போய், துளிக்குழாய்க் குறியைத் தொட்டு அந்த வெள்ளையின் மேல் வைத்தால் நிறம் தானே நேராகும். அப்புறம் மூலையை வெட்டிவிடலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதனுடைய சொந்தக் கமராவில் படத்துக்குக் கெல்வின் எண் வைக்க வழியில்லை. லைட்ரூம் செயலிக்குள் இருக்கும் கமராவைப் பயன்படுத்தலாம், அல்லது எடுத்தபிறகு இந்த மட்டை முறையில் திருத்தலாம்.

அரக்கு ஏன் சிவப்பாகவும் கறுப்பாகவும் மாறுகிறது என்பது வேறு கதை. அது வெளிச்சத்தின் அளவைப் பற்றியது. ஓட்டோவில் போன் எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சாரி சாம்பல் பூத்துப்போகும், கறுப்புச் சாரி வெளுத்துப்போகும். அரக்கை வெள்ளை விரிப்பில் போட்டால் விரிப்பைப் பார்த்துப் போன் வெளிச்சத்தைக் குறைக்கும், அரக்கு கறுத்துவிடும். கடும் நிற விரிப்பில் போட்டால் வெளிச்சத்தைக் கூட்டும், அரக்கு சிவந்துவிடும். இதற்குத் தீர்வு இரண்டு. எல்லாச் சாரிக்கும் ஒரே விரிப்பு, அதுவும் இளம் சாம்பல் நிறம். அடுத்தது புரோ மோடில் ஈவி (EV) என்று இருக்கும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு. வெள்ளைக்கும் சந்தனத்துக்கும் அதைக் கூட்டல் 0.7 முதல் 1 வரை வையுங்கள், கறுப்புக்கும் கருநீலத்துக்கும் கழித்தல் 0.7 அளவில். வெளிச்சத்தைப் போன் எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓ (ISO) எண்ணை 100ஐ ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறினால் படத்தில் புள்ளி விழும், அந்தப் புள்ளியை மறைக்கப் போன் நூலையும் சேர்த்து மெழுகிவிடும். ஐஎஸ்ஓ குறைவாக இருக்கும்போது கை ஆடினால் படம் கலங்கும், எனவே போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

சிவப்பில் தனிக் கவனம் வேண்டும். தூய சிவப்பில் சிவப்பு ஒளியின் அளவு பச்சை, நீலம் இரண்டையும் முந்திக்கொண்டு போய் உச்சத்தில் முட்டிவிடும். பிறகு கரையில் நீங்கள் போட்ட வேலைப்பாடு எதுவும் தெரியாது, ஒரே பூச்சாகக் கிடக்கும். படம் திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று ஈவியைக் கழித்தல் 0.3 முதல் 0.7 வரை இறக்குங்கள். மங்கலைப் பிறகு தூக்கலாம், முட்டிப்போன சிவப்பை மீட்க முடியாது.

அடுத்து, அணைக்க வேண்டியவை. காட்சியை அடையாளம் கண்டு நிறத்தைத் தானே கூட்டும் வசதி சாம்சங்கில் சீன் ஒப்டிமைசர் என்றும், வேறு போன்களில் ஏஐ என்றும் இருக்கும். பில்டர், அழகுபடுத்தல், போர்ட்ரெய்ட், பிளாஷ் எதுவும் வேண்டாம். அதோடு பலர் மறக்கும் ஒன்று, போன் திரை. டிஸ்பிளே செட்டிங்கில் திரை மோட் 'விவிட்' என்று இருந்தால் 'நச்சுரல்' ஆக்குங்கள். கண்ணுக்கு இதம் தரும் மஞ்சள் திரை வசதி இரவில் தானாக வேலைசெய்யும்படி வைத்திருந்தால், அந்த நேரம் நிறம் பார்த்துத் திருத்த வேண்டாம். திரையே பொய் சொன்னால் நீங்கள் சரியான படத்தையும் கெடுத்துவிடுவீர்கள்.

லென்ஸ் விஷயத்தில் 1எக்ஸ் மட்டும். அகலக் கோண லென்ஸ் கரையை வளைக்கும், பல போன்களில் அதன் நிறமும் பிரதான லென்ஸோடு ஒத்துப்போகாது. நெருக்கமான நெசவில் சில வேளை இல்லாத அலைக்கோடுகள் படத்தில் ஓடும். நூலின் வரிசையும் கமராவுக்குள் ஒளியை உணரும் புள்ளிகளின் வரிசையும் மோதுவதால் வருவது அது. ஓரடி முன்னே பின்னே நகர்ந்தாலோ கோணத்தைச் சற்று மாற்றினாலோ போய்விடும். நூலின் திரட்சியைக் காட்ட ஒரு படம் கிட்டப் போய் எடுங்கள், யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் துணியைத் தடவிக்கொண்டு போகும்படி. கைத்தறி என்று வாங்குகிறவர் நம்புவது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் சில நிறம் முழுதாக வராது என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்வது நல்லது. நல்ல மயில்கழுத்தும் பளிச்சென்ற வாடாமல்லியும் சாதாரணத் திரைகள் காட்டக்கூடிய நிற எல்லைக்கு வெளியே போகக்கூடியவை. சாயம் வாங்கும் உங்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: டியூப் லைட்டில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு நூல் வெயிலில் இரண்டாகத் தெரியும். வாங்குகிறவர் வீட்டு லைட்டிலும் அதுவே நடக்கும். ஆகவே படத்தின் கீழே, "பகல் வெளிச்சத்தில் எடுத்தது. நேரில் பச்சை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்" என்று சாரியைக் கையில் வைத்துப் பார்த்தபடியே எழுதுங்கள். விலை கூடிய சாரிக்கோ, பல சாரி கேட்கிறவருக்கோ, பாவு (நீளவாக்கு) நூலிலும் ஊடை (குறுக்கு) நூலிலும் ஒரு துண்டு வெட்டித் தபாலில் அனுப்பிவிடுங்கள். சாரி திரும்பி வரும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. வட்ஸ்அப்பில் படத்தை எச்டி தேர்வில் அனுப்புங்கள், நூலைப் பெரிதாக்கிப் பார்க்கக் கேட்கிறவருக்கு டொகியுமென்ட் ஆக அனுப்பலாம். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது.

பகலில் நேரமே கிடைக்காமல் இரவில்தான் எடுக்க முடியும் என்றால், புதுப் போனுக்கு வைத்திருக்கும் காசில் ஒரு சிறு பங்கை இரண்டு நல்ல எல்ஈடி பல்ப்புக்குச் செலவிடுங்கள். பெட்டியில் சிஆர்ஐ (CRI), அதாவது பல்ப் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண், 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். அந்த எண் குறைந்த பல்ப்பின் கீழ் சிவப்பும் அரக்கும் செத்துப்போகும், அதை எந்தக் கமராவும் பிறகு உயிர்ப்பிக்காது. இரண்டு பல்ப்பும் ஒரே கம்பனி, ஒரே கெல்வின் எண்ணாக இருக்கட்டும். சாரிக்கு இரு பக்கமும் வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைச் சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள், பல்ப்பில் முட்டாமல். பிறகு டேப் சுற்றிய மட்டையை வைத்து, பகலில் செய்த அதே முறையில் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு எடுங்கள்.