ஷிப்ட் வேலைக்காரர் தவக்காலத்துக்குத் தயாராவது எப்படி?

வாசகியின் கேள்வி: "மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். ஒவ்வொரு தவக்காலத்திலும், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும், இறைச்சி கிடையாது, டிவி சீரியல் கிடையாது, தினமும் பூசை என்று தொடங்குகிறேன். இரண்டாவது வாரத்தில் எல்லாம் நின்றுபோகிறது. அப்புறம் கடைசியில் வரும் பெரிய வாரம் வரைக்கும் குற்ற உணர்வுதான். எப்படித் தயாராவது?"

சகோதரி, காலையில் ஆபீஸ் போய் மாலையில் வீடு திரும்புகிறவருக்கு உங்கள் பட்டியல் பொருந்தும். இரவு ஷிப்ட் பார்த்த உடம்பு அதைத் தாங்காது. எதையும் முடிவு செய்யுமுன் ரோஸ்டரை எடுத்து மேசையில் வையுங்கள்.

திருச்சபை கட்டாயமாகக் கேட்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளி இரண்டு நாளும் நோன்பு. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை உள்ளவர்களுக்கு ஒருவேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. அந்த நாள்களிலும் தவக்கால வெள்ளிகளிலும் 14 வயது நிறைந்த எல்லோருக்கும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி கூடாது. மீன், முட்டை சாப்பிடலாம். திருநீற்றுப் புதன் இங்கே சிங்கப்பூரில் விடுமுறை நாள் இல்லை, பூசை காண்பதும் கட்டாயம் அல்ல. சில ஆண்டுகள் சீனப் புத்தாண்டு விருந்துகளோடு முட்டிக்கொள்ளும், ஆகவே தேதியை முன்பே பார்த்துவிடுங்கள். நோன்பு நாளில் கடினமான ஷிப்ட் விழுந்தால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். தகுந்த காரணம் இருந்தால் விலக்குத் தரவோ, வேறொரு பக்தி முயற்சியாக மாற்றித் தரவோ அவருக்கு அதிகாரம் உண்டு.

இதற்கு மேல் செய்வது அன்பினால் செய்வது. அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். திருநீற்றுப் புதனன்று வாசிக்கிற மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் தருமம், செபம், நோன்பு மூன்றையும் இயேசு ஒரே மூச்சில் பேசுகிறார். நாமோ நோன்பை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்கிறோம். செபம் இல்லாத நோன்பு வெறும் டயட்தான், அதனால்தான் சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

ஓர் உதாரணம். ஷிப்ட் முடிந்த அசதியில் போனில் சாப்பாடு ஆர்டர் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மட்டும் அதை விட்டுவிட்டு வீட்டில் கஞ்சியும் துவையலும். கஞ்சி கொதிக்கிற நேரத்தில் பாவமன்னிப்புக் கேட்கும் 51-ஆம் திருப்பாடலை மெதுவாகச் சொல்லுங்கள். அன்று நீங்கள் பராமரித்த ஒரு நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சமான காசு பத்து வெள்ளியோ பன்னிரண்டு வெள்ளியோ, அப்போதே ஓர் உறைக்குள் போகட்டும். 'மாதக் கடைசியில் பார்க்கலாம்' என்றால் அந்தப் பணம் கரைந்துவிடும். கடைசியில் அதைத் திருச்சபையின் உதவி அமைப்பான காரிதாஸுக்குக் கொடுக்கலாம், உங்கள் வார்டில் துப்புரவு வேலை செய்யும் அக்காவுக்குக் கையில் கொடுத்தாலும் சரி.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைப் பெரிய வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அப்போது வரிசை நீளும், நமக்கும் அவசரம். தவக்காலத்துக்கு முந்தின வாரமே செய்துவிட்டால் மனது லேசாகத் தொடங்கலாம். தமிழில் சொன்னால்தான் மனம் திறக்கும் என்றால், ஓஃபிர் சாலையில் 1888-இல் கட்டிய லூர்து அன்னை ஆலயம் தலைமுறைகளாகத் தமிழ்க் கத்தோலிக்கர்களின் தாய்வீடு. நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். போகுமுன் ஆன்மச்சோதனையில் ஒரு கேள்வியை மட்டும் விடாதீர்கள்: யாரோடு பேச்சு நின்றிருக்கிறது? நாத்தனாரோ, சக தாதியோ, அவருக்கு இரண்டு வரி வாட்ஸ்அப் அனுப்புங்கள். நாற்பது நாள் இறைச்சியை விடுவதைவிட இது கடினம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

நடுவில் ஒரு வெள்ளி தவறினால்? தவக்காலம் முறிந்துவிடவில்லை, அடுத்த வெள்ளி இருக்கிறது. ஞாயிறுகள் அந்த நாற்பதில் சேராது. அன்று நோன்பும் இல்லை, நிம்மதியாகச் சாப்பிடுங்கள். இயேசுவின் பாடுகளைத் தலம் தலமாகத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்குக் கோவிலுக்குப் போக ரோஸ்டர் விடவில்லையென்றால், பதினான்கு தலங்களையும் வீட்டில் பிள்ளைகளை விட்டு மாறி மாறி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்து கேட்டாலே போதும்.