பாத்திரங்கள் முரண்டு பிடிக்கும்போது நாவலை முடிப்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

கேள்விகளை அனுப்பச் சொன்னதும் இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் சொந்தமாக எழுதுவதைவிட அடுத்தவர் பிரதியைத் திருத்துவதுதான் அதிகம், அதனால் பதில்களும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

அக்கா, என் நாயகி கடைசி அத்தியாயத்தில் கணவனை மன்னித்து வீடு திரும்ப வேண்டும். முதலிலிருந்தே அதுதான் திட்டம். ஆனால் எப்படி எழுதினாலும் அவள் பேசுவது மேடை வசனம் மாதிரி இருக்கிறது. போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள்.

நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன்மா. 19ஆம் அத்தியாயத்தில் அவள் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று புகுந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து தன் பெயரை நீக்கிக்கொண்டு வருகிறாள். கவுண்டரில் இருப்பவர் "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்கிறார், அவள் பதில் சொல்லாமல் கையெழுத்துப் போட எந்த இடம் என்று மட்டும் கேட்கிறாள், பேனா எழுதவில்லை, பின்னால் நிற்கும் கிழவியிடம் கடன் வாங்குகிறாள். உங்கள் நாவலிலேயே ஆக நல்ல பக்கங்கள் அவைதான். அவள் அந்த வீட்டை விட்டுப் போனது அங்கேதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய 12ஆம் அத்தியாயத்தில் அல்ல. அதற்கப்புறம் அவளை மன்னிக்கச் சொன்னால் மேடை வசனம்தான் வரும், வேறென்ன வரும்?

ஒன்று, அந்தக் காட்சியை எடுக்க வேண்டும். எடுத்துவிடாதீர்கள், நாவல் செத்துவிடும். இல்லையென்றால் அந்த வரிசைக்கு ஈடாகக் கணவனும் ஏதாவது செய்திருக்க வேண்டும், அதுவும் அவள் பார்க்காத நேரத்தில், அவளைத் திரும்ப அழைக்கும் கணக்கு எதுவும் இல்லாமல். இப்போது அவன் செய்வதெல்லாம் போனில் அழுவது. அதுவும் வேண்டாமென்றால் அவள் சொல்வதைக் கேளுங்கள், திரும்ப வேண்டாம், முடிவு அதுதான்.

ஒரு சின்னச் சம்பவம் முழு முடிவையும் மாற்றிவிடுமா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ?

ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி ஏமாந்து வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி விஷயத்தை அத்தோடு மூடிவிடுகிறாள். ஏகப்பட்ட எதிர்ப்பு வந்தது. பிறகு அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதியபோது மாற்றியது தாய் அந்த ஒரு நிமிடத்தில் நடந்துகொண்டதைத்தான். இதில் தாய் மூடி மறைக்காமல் கூப்பாடு போட்டுவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். அந்தப் பெண்ணுக்கு முற்றிலும் வேறொரு வாழ்க்கை, வேறொரு முடிவு. போதாததற்குச் சிறுகதையையே நாவலுக்குள் கொண்டுவந்து அவளைப் படிக்கவும் வைத்துவிட்டார், அந்தத் துணிச்சல் தனிக் கதை. முடிவு வரவில்லை என்று கடைசி அத்தியாயத்தையே கட்டிக்கொண்டு அழுபவர்கள், பின்னால் போய் ஒரு காட்சியைத் திருத்தினால் முடிவு எப்படி மாறும் என்று தெரிய இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.

பாத்திரம் மறுக்கிறது, பாத்திரம் பேசுகிறது என்பதெல்லாம் எழுத்தாளர்களின் பம்மாத்து இல்லையா? எழுதுவது நீங்கள், தட்டச்சுவது உங்கள் விரல்.

பாதி சரி. 'லோலிதா' எழுதிய நபகோவ் ஒரு பேட்டியில் தன் பாத்திரங்களைத் துடுப்பு வலிக்கும் அடிமைகள் என்றே சொன்னார், உங்களுக்கு நல்ல துணைதான். ஆனால் டால்ஸ்டாய் 1876இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தையும் பாருங்கள். 'அன்னா கரீனினா' நாவலில் அன்னாவின் கணவரைச் சந்தித்தபின் அவளுடைய காதலன் விரான்ஸ்கி எப்படி இருந்தான் என்ற அத்தியாயத்தை முன்பே எழுதி வைத்திருந்தார். அதைத் திருத்த உட்கார்ந்தபோது, தாம் துளியும் எதிர்பாராமல் விரான்ஸ்கி தன்னைச் சுட்டுக்கொண்டான் என்கிறார், பின்னால் வருவதற்கு அது அவசியம் என்பது பிறகு தெரிந்தது என்றும் சொல்கிறார். திருத்தும்போது என்பதைக் கவனியுங்கள். அதற்குள் அவனைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, அந்த அவமானத்தை அவனால் தாங்க முடியாது என்பது எழுதிய பக்கங்களிலேயே இருந்தது. நாம் முடிவைத் திட்டமிடுவது அந்த ஆளைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது. முன்னூறு பக்கம் கழித்து அவனை நன்றாகத் தெரிந்துவிடுகிறது. பழைய திட்டத்துக்கும் புதிதாகத் தெரிந்ததற்கும் நடக்கும் சண்டையைத்தான் 'மறுக்கிறான்' என்கிறோம். இதில் ஆவியும் இல்லை, அருளும் இல்லை.

பேசாமல் நாயகனைச் சாகடித்துவிடலாமா?

அதற்கு முந்தைய பக்கம் வரை அவன் செத்துப்போவான் என்று உங்களுக்கே தெரியாதென்றால் வேண்டாம். எங்கிருந்தோ வந்து மோதுகிற லாரியைத் தமிழில் நிறையப் பேர் ஓட்டியாகிவிட்டது.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன, இரண்டுமே பொருந்துகிறது. நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலை, நாயகன் காளி உயிரோடு இருப்பானா சாவானா என்று தெரியாத இடத்தில் நிறுத்தினார். பிறகு 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரண்டு நாவல்கள், ஒன்றில் காளி இல்லை, மற்றதில் பிழைத்துக்கொள்கிறான். இரண்டையும் எழுத முடிந்ததற்குக் காரணம் முதல் நாவல் நின்ற இடத்தில் இரண்டு வழியும் நிஜமாகவே திறந்திருந்தது. உங்களுக்கு அப்படியா, அல்லது முடிவெடுக்கத் தயக்கமா? இரண்டையும் முழுசாக எழுதிப் பாருங்கள், வெறும் குறிப்புகளாக அல்ல, கடைசி வாக்கியம் வரை. பெரும்பாலும் ஒன்று பாதியிலேயே இளைத்துப்போகும்.

நண்பர்கள் சொல்வது பற்றி: டிக்கன்ஸ் 1861இல் தன் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முடிவில் நாயகன் பிப்பும் அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சற்று நேரம் பார்த்துப் பேசிவிட்டுப் பிரிவதாகத்தான் எழுதியிருந்தார். அச்சுப் படியைப் படித்த நண்பர் புல்வர் லிட்டன் வற்புறுத்தவே, இருவரும் சேரலாம் என்று தோன்றும்படி மாற்றினார். எது சிறந்தது என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். எஸ்டெல்லா ஆண்களின் மனத்தை உடைக்கவென்றே வளர்க்கப்பட்டவள், அவளை அத்தனை சுலபமாகக் கைகோத்து நடக்க விட முடியாது.

நான் செயலியில் தொடராக எழுதுகிறேன் அக்கா. வெளியான அத்தியாயங்களைத் திருத்தினால் வாசகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் முடிவோ ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

பின்னால் போய்த் திருத்துங்கள் என்ற என் யோசனை உங்களுக்கு உதவாது, உண்மைதான். ஆனால் வெளியானவற்றை ஒருமுறை முழுசாகப் படியுங்கள், எழுதியவராக அல்லாமல் குறிப்பெடுப்பவராக. போகிற போக்கில் எழுதிவிட்டு மறந்த விஷயங்கள் இருக்கும்: யாரோ கொடுத்த சாவி, பதில் வராத கடிதம், ஒரே ஒரு முறை வந்து போன சித்தப்பா. அவற்றில் ஒன்றைப் பிடித்து முடிவுக்குக் கொண்டுபோனால், முன்பே திட்டமிட்டதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். தொடர் எழுதியவர்கள் காலங்காலமாகச் செய்த வேலை இது.

எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். 1954இல் 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, அவர் என்ன ஆனார் இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்க, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கே அந்த நிலைமை.

முடிவு தெரியும் சார், ஆனால் கடைசிப் பக்கம் மட்டும் வரவில்லை.

சார் இல்லை, அக்கா. பரவாயில்லை. இது வேறு வியாதி, பாத்திரத்தோடு சண்டையே இல்லை, வாக்கியத்தோடுதான். ஹெமிங்வே தன் முதல் உலகப் போர் நாவலான 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' கடைசிப் பக்கத்தை 39 முறை மாற்றி எழுதியதாகச் சொன்னார். 2012இல் வந்த பதிப்பில் 47 வடிவங்களை அச்சிட்டிருக்கிறார்கள், நாவலில் இறந்துபோகும் குழந்தைகூட ஒன்றில் பிழைத்துவிடுகிறது. எழுதிக்கொண்டே இருங்கள், வேறு வழி தெரியவில்லை.

என் நாவலில் மனைவியை இழந்த தாத்தா சென்னையில் மகள் வீட்டுக்குப் போக தூத்துக்குடியில் ரயில் ஏற வேண்டும், கதை முடிந்துவிடும். மூன்று மாதமாக பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவர் ஏற மாட்டார் தம்பி. முந்தின அத்தியாயத்தில் மாட்டை விற்காமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஒரு வாரத்துக்கு மட்டும் தவிட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்துக்கு! திரும்பி வரும் எண்ணத்தில் இருப்பவரை நிரந்தரமாக அனுப்பப் பார்க்கிறீர்கள். தாத்தாவைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். எழும்பூரில் அப்பாவை அழைத்துப்போக மகள் வந்து நிற்பாளே, ரயில் வந்துவிட்டது, அவர் இறங்கவில்லை. அவள் முதலில் யாருக்குப் போன் செய்வாள், கோபப்படுவாளா, உள்ளூர நிம்மதியாக இருக்குமா? அந்த ஐந்து பக்கத்தை எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான் முடியும், அதுவரை வேறொருவர் பிரதி கையில் இருக்கிறது.