பழைய முறை விஸ்கி, நம்ம ஊர் நாட்டுச் சர்க்கரை: வாசகர் கேள்வி-பதில்

கோவையில் ஓட்டல் பார்களில் நின்று கலந்து கொடுத்தே பல வருஷம் ஓடிவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஓல்டு ஃபேஷன்டு என்ற விஸ்கி காக்டெயில் பற்றியவை. வீட்டில் கலக்க அதைவிட நல்ல காக்டெயில் கிடையாது என்பதால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஏனுங்கண்ணா, ஓல்டு ஃபேஷன்டுல வெள்ளைச் சர்க்கரைக் கட்டிக்குப் பதிலா நம்ம நாட்டுச் சர்க்கரை போட்டா ஒத்து வருமுங்களா? (கோபியிலிருந்து)

நன்றாகவே ஒத்து வரும். கவுந்தப்பாடி ஏலத்துக்கு வரும் சர்க்கரை உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம்தானே. பளபளவென்று மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டு, கரும்பழுப்பாக இருப்பதை வாங்குங்கள். அந்தப் பாகு வாசம் விஸ்கியின் மர வாசத்தோடு அழகாகச் சேரும்.

ஆனால் நேராகக் கிளாஸில் போடாதீர்கள். சர்க்கரை தண்ணீரில் கரையும் அளவுக்குச் சாராயத்தில் கரையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரையாத சர்க்கரையோடு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். முதல் மடக்கு நெருப்பு, கடைசி மடக்கு பாகு. அவர் ஒன்றும் சொல்லாமல் கிளாஸைச் சாய்த்து அடியில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். அன்றிலிருந்து பாகு காய்ச்சாமல் நான் கலப்பதில்லை.

100 கிராம் சர்க்கரைக்கு 50 மி.லி. வெந்நீர். கொதிக்க விட வேண்டாம், கரைந்தால் போதும். நாட்டுச் சர்க்கரையில் தூசும் சக்கையும் இருக்கும், அதனால் வெள்ளைத் துணியில் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 60 மி.லி. விஸ்கிக்கு இந்தப் பாகு ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ் (கசப்புச் சரக்கும் மசாலாவும் ஊறிய சாராயம்) இரண்டு மூன்று சொட்டு, பெரிய ஐஸ் ஒன்று. அரை நிமிஷம் நிதானமாகக் கிளறுங்கள். அவ்வளவுதான். இஞ்சித் துண்டு, சோடா, செர்ரி எல்லாம் போட்டு இதைக் கெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐஸ் போட்டா தண்ணியாயிருதுங்க. ஐஸ் இல்லாமலே கலக்கலாமா? அப்புறம், சிறுவாணித் தண்ணியில ஐஸ் வெச்சாலும் நடுவுல வெள்ளையாத்தான் இருக்குது. (கோவை)

தண்ணீர் இந்தக் காக்டெயிலுக்கு எதிரியே அல்ல. 1806-இல் அமெரிக்காவில் ஹட்சன் என்ற ஊரின் பத்திரிகைக்கு ஒரு வாசகர், காக்டெயில் என்றால் என்னவென்று கேட்டு எழுதினார். மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று பதில் வந்தது. தண்ணீர் அன்றைக்கே நாலில் ஒன்று! பிற்பாடு பார்களில் என்னென்னமோ சேர்க்க ஆரம்பித்தபோது, எங்களுக்குப் பழைய முறையிலேயே கொடுங்கள் என்று கேட்டவர்களால்தான் ஓல்டு ஃபேஷன்டு என்ற பெயரே நிலைத்தது.

60 மி.லி. விஸ்கியை ஐஸோடு அரை நிமிஷம் கிளறினால் சுமார் 15 மி.லி. தண்ணீர் இறங்கும். காரம் தணிந்து வாசம் மேலே வருவது அதனால்தான். அதற்கு மேல் இறங்கினால்தான் தொல்லை. ஃப்ரிட்ஜோடு வரும் சின்னத் தட்டின் கட்டிகள் சீக்கிரம் உருகிவிடும். சின்ன ஸ்டீல் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். எடுக்கும்போது வெளிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரம் காட்டினால் ஒரே கட்டியாக வழுக்கி வந்துவிடும்.

வெள்ளை விழுவதற்குத் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். நாலா பக்கமிருந்தும் உறையும்போது, கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. சின்னத் தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி மூடாமல் ஃப்ரீசரில் வைத்தால் மேலிருந்து கீழாக மட்டுமே உறையும். ஒரு நாள் கழித்து எடுத்து, கலங்கிய அடிப்பகுதியை உடைத்துத் தள்ளிவிட்டால் மீதி கண்ணாடி மாதிரி இருக்கும். இன்னொன்று, அதே ஃப்ரீசரில் நாட்டுக்கோழிக் கறி இருந்தால் அதைக் கெட்டியாக மூடி வையுங்கள். ஐஸ் வாசத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த விஸ்கி வாங்கறது? நம்ம கடையில இருக்கறதே போதுமுங்களா? (திருப்பூர்)

லேபிளைப் படியுங்கள். இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பலவற்றுக்கு அடிப்படை, கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயம். அதில் கொஞ்சம் மால்ட் (முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) சேர்த்திருப்பார்கள். ஓல்டு ஃபேஷன்டில் விஸ்கியை மறைக்கப் பழச்சாறு கிடையாது, அதனால் தானியத்தில் மட்டும் வடித்ததாக இருந்தால் நல்லது. அமெரிக்கப் போர்பன் விஸ்கி இதற்கென்றே பிறந்தது. குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாய். நம் நாட்டு பார்லி சிங்கிள் மால்ட்டும் அருமையாக வரும். புகை வாசம் தூக்கலாக இருப்பதை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள்.

பிட்டர்ஸ் எங்க ஊர்ல கிடைக்கறதே இல்லை. (ஈரோடு)

1824-இல் வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா நகரில் சீகர்ட் என்ற ஜெர்மன் டாக்டர் வயிற்றுக்கு மருந்தாகத் தயாரித்ததுதான் இன்று உலகம் முழுக்கப் போகும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ். இப்போது தயாராவது டிரினிடாடில். நம் நாட்டு மருந்து டானிக் மாதிரிதான், கசப்பும் மசாலா வாசமும் சாராயத்தில் இறங்கியிருக்கும்.

நான் வீட்டில் வைத்திருப்பது இது: உப்புப் போடாத நார்த்தங்காயின் மேல்தோலைச் சீவி நிழலில் காய வைத்தது ஒரு கைப்பிடி, கிராம்பு 4, சின்னப் பட்டைத் துண்டு, ஏலக்காய் 1. 100 மி.லி. விஸ்கியில் ஒரு வாரம் ஊற வைத்து வடிகட்டுங்கள். நார்த்தங்காயில் வாசமும் கசப்பும் ஒன்றாகவே இருப்பதால் வேறு கசப்புச் சரக்கு தேவையில்லை. சொட்டுக் கணக்கில்தான் விட வேண்டும். கிராம்பைக் கூட்டினால் பல்வலி மருந்தாகிவிடும்.

விஸ்கி சவர்ல முட்டை வெள்ளைக்கரு போட்டா கவிச்சி அடிக்குதுங்க. (கரூர்)

நுரைக்கு மேல் இரண்டு சொட்டு பிட்டர்ஸ் விட்டால் வாசம் அடங்கும். பச்சை முட்டையில் கிருமி அபாயம் உண்டு, கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் அந்தப் பாத்திரங்களைத் தனியாகக் கழுவுங்கள். முட்டையே வேண்டாமென்றால் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர் 20 மி.லி. போதும். மற்ற அளவுகள்: விஸ்கி 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்குங்கள், பிறகு ஐஸ் போட்டு.

குலுக்கறதா, கிளறறதா? (பல்லடம்)

சாறோ முட்டையோ இருந்தால் குலுக்குங்கள். இல்லையென்றால் கிளறுங்கள்.

கெடா விருந்துக்குப் போனா ஒண்ணு ரெண்டு குடிச்சுட்டு, மோர் குடிச்சுட்டு வண்டி ஓட்டலாமா? (அவிநாசி)

கூடாதுங்க. 42.8 சதவீத விஸ்கி 60 மி.லி.யில் சுமார் 20 கிராம் சாராயம் இருக்கிறது. அதை ஈரல்தான் கரைத்தாக வேண்டும், அது முடிய மணிக்கணக்கில் ஆகும். மோரோ குளியலோ காபியோ அதை வேகப்படுத்தாது. சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. முதல் முறை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடிக்காத ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சுத் தோலைக் கிளாஸ்ல போட்டும் வாசமே வரலைங்க. (பொள்ளாச்சி)

சும்மா மிதக்க விட்டிருப்பீர்கள். கமலா ஆரஞ்சின் தோல் தொளதொளவென்று இருப்பதால் கெட்டித்தோல் ஆரஞ்சு எடுங்கள். மெழுகு பூசியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவுங்கள். உள்வெள்ளை வராமல் கட்டைவிரல் அகலத்துக்குச் சீவி, வெளிப்பக்கம் கிளாஸைப் பார்க்கும்படி இரண்டு கை விரலாலும் மடக்கி அமுக்குங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் செய்தால், தோலிலிருந்து எண்ணெய் பனித்துளி மாதிரி தெறித்து விஸ்கி மேல் படிவது கண்ணுக்கே தெரியும்.