குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகியும் மனைவி அழுகிறார், காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பிரசவமான புதிதில் வரும் அழுகை பெரும்பாலும் 2 வாரத்தில் அடங்கிவிடும். குழந்தை தூங்கும்போதுகூட இவருக்குத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். மாமியார் சொல்வதுபோல் ‘தானாகச் சரியாகும்’ ரகம் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம்.

பிரசவம் பார்த்த டாக்டரிடமே, இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாள் கேளுங்கள், 10 கேள்விதான். தைராய்டு, ஹீமோகுளோபினும் பார்க்கட்டும். ரத்தசோகையிலும் இதே சோர்வு வரும்.

மனைவி இருக்கும் பெரம்பூர் தாய்வீட்டுக்கு நீங்கள் ஞாயிறு மட்டும் போய் எட்டிப்பார்ப்பது போதாது. எடுத்துவைத்த தாய்ப்பாலை ராத்திரி ஒருவேளை நீங்கள் புகட்டுங்கள், அவர் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கட்டும்.

டாக்டரிடம் வர அவர் தயங்கினால் முதலில் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஒன்று மட்டும்: சாவைப் பற்றிப் பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ தனியாக விடாதீர்கள். அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.